எண்ட்கேமில் நீங்கள் உண்மையிலேயே பலவீனமா?

ஆன்லைனில் செஸ் ஆடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நான் ஆடும் தளம் என் ஆட்டங்களை அலசி ஒரு அறிக்கை தந்தது. தாக்குதல் பாணி, டாக்டிக்ஸில் பலம், எண்ட்கேமில் பலவீனம், துல்லியம் 82 சதவீதம் என்று சொல்கிறது. இதையெல்லாம் எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதை நம்பி எண்ட்கேம் படிக்க ஆரம்பிக்கலாமா?”

பலகையில் சில காய்களே மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டமான எண்ட்கேமை யார் படித்தாலும் நல்லதுதான். ஆனால் அந்த அறிக்கை சொன்னதற்காகப் படிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அறிக்கை எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணான ரேட்டிங் பற்றிப் பலருக்கும் தெரியும், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ உருவாக்கிய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இலும், உலக அமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. எதிராளியைவிட 200 புள்ளி கூடுதலாக வைத்திருப்பவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) எடுக்க வேண்டும். 400 கூடுதல் என்றால் 91. எதிர்பார்த்ததைவிடக் கூட எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் இதோடு, ‘இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்’ என்று காட்டும் இன்னொரு எண்ணையும் சேர்த்தார். லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் ஓடுவது அவருடைய கிளிக்கோ-2 முறை. ரேட்டிங்குக்குத் தெரிவதெல்லாம் வென்றீர்களா, தோற்றீர்களா, டிராவா என்பதுதான். எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

அதற்குத்தான் என்ஜின், அதாவது செஸ் நிலைகளை அலசும் கணினி நிரல். ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஒரு என்ஜின் ஒவ்வொரு நிலைக்கும் சிப்பாய்க் கணக்கில் ஒரு மதிப்பு தரும். +1 என்றால் வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு சாதகம், -3 என்றால் கறுப்புக்கு ஒரு குதிரை அளவு சாதகம். நீங்கள் காயை நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் இந்த மதிப்பு எவ்வளவு சரிகிறதோ, அது உங்கள் பிழை. இதை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் ஒரு கோளாறு வரும். ஒரு ராணி கூடுதலாக இருக்கும்போது குதிரையை விட்டால் ஆட்டம் பெரிதாக மாறாது. சமநிலையில் குதிரையை விட்டால் ஆட்டமே கையைவிட்டுப் போகலாம். இரண்டுக்கும் இழப்பு என்னவோ 3தான்.

அதனால் லிச்செஸ் இந்த மதிப்பை முதலில் வெற்றி வாய்ப்பாக மாற்றிக்கொள்கிறது. 0 என்றால் 50 சதவீதம், +1 என்றால் 59, +3 என்றால் 75, +6 என்றால் 90, +9 என்றால் 96 சொச்சம். நடுவில் செங்குத்தாக ஏறி, ஓரங்களில் தட்டையாகிவிடும் வளைவு இது. +9இலிருந்து +6க்கு இறங்கினால் இழப்பது 6 சதவீதப் புள்ளிதான். சமநிலையிலிருந்து -3க்கு விழுந்தால் 25. இப்படிப் பார்த்தால் முதல் நகர்வின் துல்லியம் சுமார் 75, இரண்டாவதன் துல்லியம் சுமார் 32 என்று வருகிறது. உங்கள் அறிக்கையில் இருக்கும் 82 இப்படிப்பட்ட மதிப்பெண்களின் ஒரு வகைச் சராசரி.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் 82 என்பது நல்ல மதிப்பெண்ணா? எந்தக் கேள்வித்தாளுக்கு வாங்கியது என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. ராணிகளை வெட்டிக்கொண்டு அமைதியாக டிராவுக்குப் போகும் ஆட்டத்தில் 95 எடுப்பது பெரிய விஷயமில்லை. நாலு காய்கள் ஒன்றையொன்று குறிவைத்து நிற்கும் நிலையில் 80 எடுப்பது சாதனை. 2006இல் ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மதேய் குயித், இவான் பிராட்கோ இருவரும் உலக சாம்பியன்களின் ஆட்டங்களை என்ஜினைக் கொண்டு அளந்தார்கள். சராசரிப் பிழை மிகக் குறைவாக வந்தது காபாபிளாங்காவுக்கு. ஆனால் அவர்கள் நிலைகளின் சிக்கலையும் அளந்திருந்தார்கள். காபாபிளாங்கா ஆடிய நிலைகள் சிக்கல் குறைந்தவை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. பிழை செய்யாமல் இருப்பது ஒரு திறமை என்றால், பிழைக்கு இடம்கொடுக்காத நிலைகளைத் தேடிப்போவதும் ஒரு திறமை. ஒரே எண்ணுக்குள் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

இவற்றைப் பிரிக்க முடியுமா? முடியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதைத்தான் செய்தது. ஆஷ்டன் ஆண்டர்சன், ஜான் கிளைன்பெர்க், செந்தில் முல்லைநாதன் மூவரும் 2016இல் வெளியிட்டது. என்ஜினின் மதிப்பீடும் ஒரு ஊகம்தானே என்ற சந்தேகத்துக்கே இடமில்லாமல், பலகையில் ஆறு காய்களோ அதற்குக் குறைவாகவோ உள்ள நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிலைகள் அத்தனைக்கும் இறுதி விடை என்ன என்று முன்பே முழுமையாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். எனவே ஒரு நகர்வு வெற்றியை டிராவாக்கியதா, டிராவைத் தோல்வியாக்கியதா என்பதைச் சத்தியம் செய்து சொல்லலாம். அப்படிப்பட்ட நகர்வைத்தான் பிளண்டர் என்றார்கள்.

அப்புறம் ஒரு எளிய காரியம் செய்தார்கள். ஒரு நிலையில் விதிப்படி ஆடக்கூடிய நகர்வுகள் எத்தனை, அவற்றில் பிளண்டர்கள் எத்தனை என்று எண்ணி வகுத்தார்கள். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு காயை நகர்த்தினால் விழுவதற்கான வாய்ப்பு அது.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். வெள்ளை ராஜா டி5 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் இ6இல், கறுப்பு ராஜா இ7இல். வேறு காயே இல்லை. ஆட வேண்டியது கறுப்பு. சிப்பாயை வெட்ட முடியாது, பின்னால் ராஜா காக்கிறார். போகக்கூடிய கட்டங்கள் நாலே நாலு: டி8, இ8, எஃப்8, எஃப்6. இதில் இ8 மட்டும் டிரா. நேராகப் பின்வாங்கினால் வெள்ளை ராஜா டி6 வரும்போது கறுப்பு டி8 போய் எதிரே நிற்கலாம். அடுத்து சிப்பாய் இ7க்கு வந்து செக் சொன்னால் ராஜா மறுபடி இ8. இனி வெள்ளை சிப்பாயைக் கைவிட வேண்டும், இல்லையென்றால் ராஜாவை இ6க்குக் கொண்டுவந்து ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே ஆட நகர்வின்றிப் போய் டிராவாகும் நிலை) ஆக்க வேண்டும். மற்ற மூன்று கட்டங்களில் எதற்குப் போனாலும் சிப்பாய் ராணியாகிவிடும். ஆக நாலில் மூன்று பிளண்டர், அபாயம் 75 சதவீதம். பலகையில் மூன்றே காய்கள், பார்வைக்கு ஒன்றுமே இல்லாத நிலை!

இப்போது முடிவு. ஒருவர் ஒரு நிலையில் பிளண்டர் செய்வாரா என்று முன்கூட்டிச் சொல்ல மூன்று தகவல்கள் உண்டு: அவருடைய ரேட்டிங், கையில் இருக்கும் நேரம், நிலையின் கடினம் (மேலே வகுத்துக் கிடைத்த அந்த விகிதம்). இவற்றில் நிலையின் கடினம்தான் மற்ற இரண்டையும்விட நன்றாக ஊகிக்க உதவியது, அதுவும் நன்றாகவே முந்தி. யார் ஆடுகிறார் என்பதைவிட எந்த நிலையில் மாட்டியிருக்கிறார் என்பது அதிகம் சொல்கிறது. இன்னொரு விசித்திரமும் கிடைத்தது. சில நிலைகளில் ரேட்டிங் கூடக் கூடப் பிழையும் கூடியது. அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொது விதியைப் பின்பற்றுவதால் இப்படி ஆகலாம் என்பது என் ஊகம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசகரின் அறிக்கைக்கு வருவோம். ‘எண்ட்கேமில் பலவீனம்’ என்பதை ஒரு தளம் எப்படிச் சொல்லியிருக்கலாம்? எண்ட்கேம்வரை போன ஆட்டங்களை எடுத்து, அதில் எத்தனை புள்ளி கிடைத்தது என்று பார்த்திருக்கலாம். 40 ஆட்டத்தில் 16 புள்ளி, அதாவது 40 சதவீதம். பலவீனம்தான் என்று தோன்றும். ஆனால் எண்ட்கேமுக்குள் நுழையும்போது உங்கள் நிலை என்ன? சராசரியாக ஒரு சிப்பாய் குறைவாக, -1 என்ற மதிப்போடு நுழைந்திருந்தால், அந்த வளைவின்படி உங்களுக்குக் கிடைக்க வேண்டியதே 41 சதவீதம்தான். கிடைக்க வேண்டியதை ஏறக்குறைய முழுதாக எடுத்துவிட்டீர்கள். உங்கள் நோய் அதற்கு முந்தைய கட்டமான மிடில்கேமில் இருக்கிறது. வலி மட்டும் எண்ட்கேமில் தெரிகிறது. கறாராகச் செய்வதென்றால் உங்கள் ரேட்டிங்கில் ஆடுபவர்களின் ஆட்டங்களிலிருந்தே அந்த வளைவை வரைய வேண்டும், ஏனென்றால் கீழ் ரேட்டிங்கில் ஒரு சிப்பாய் சாதகம் அவ்வளவு உறுதியாக வெற்றியாக மாறுவதில்லை.

எண்ணிக்கை வேறு இருக்கிறது. 40 ஆட்டங்களை வைத்துச் சொல்லும் சதவீதம் இரு பக்கமும் 15 புள்ளி வரை ஆடும். ஒரு ஓப்பனிங்கை (ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசையை) 20 முறை ஆடி 60 சதவீதம் வென்றேன், அது எனக்கு ராசியான ஓப்பனிங் என்று சொல்பவர்கள் உண்டு. 20 ஆட்டங்களில் அந்தத் தடுமாற்றம் 20 புள்ளிக்கும் மேல். ஒன்றுமே செய்யாத ஓப்பனிங்கூட அவ்வப்போது 60 காட்டும். ராசியான ஓப்பனிங், ராசியில்லாத நிறம், காலையில் தோற்றால் நாள் முழுக்கத் தோல்வி என்ற நம்பிக்கைகள் எல்லாம் இந்தச் சின்ன எண்ணிக்கையில்தான் வளர்கின்றன. அவற்றை நம்பி நல்ல ஓப்பனிங்கைக் கைவிடுகிறார்களே என்று எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

‘தாக்குதல் பாணி’ பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, எல்லோருக்கும் ஒரே குறிப்பை ‘உங்கள் பலன்’ என்று கொடுத்தார். அதில் இருந்தவை ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள். 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் கொடுத்து, தங்களுக்கு அப்படியே பொருந்துகிறது என்றார்கள் மாணவர்கள். ‘நீங்கள் (தாக்குதலுக்குப் பேர்போன உலக சாம்பியன்) தால்போலத் தாக்குகிறீர்கள், ஆனால் சில சமயம் பொறுமை இழக்கிறீர்கள்’ என்பதும் அதே ரகம். சில சமயம் பொறுமை இழக்காத செஸ் ஆட்டக்காரர் யார்?

பாணி என்பதே பொய்யா என்றால், இல்லை. அதை அளக்க வேறு அளவுகோல் வேண்டும். என்ஜினோடு ஒப்பிட்டால் தெரிவது குறை மட்டும்தான். உங்களைப் போன்ற மனிதர்களோடு ஒப்பிட்டால்தான் நீங்கள் தெரிவீர்கள். 2020இல் வெளியான மாயா என்ற நிரல் இதற்கு வழி திறந்தது. லிச்செஸில் 1100 முதல் 1900 வரை ஒவ்வொரு ரேட்டிங் படிக்கும் தனித்தனியாக, படிக்கு 1.2 கோடி மனித ஆட்டங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அது சிறந்த நகர்வைத் தேடுவதில்லை. இந்த ரேட்டிங்கில் இருக்கும் மனிதர் இங்கே என்ன ஆடுவார் என்று ஊகிக்கிறது, ஏறத்தாழ பாதி தடவை சரியாகவே ஊகிக்கிறது. மீதிப் பாதியில், சக ஆட்டக்காரர்களிடமிருந்து நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே திசையில் விலகினால் அது உங்கள் பாணி. அது எவ்வளவு உறுதியானது தெரியுமா? மாயா குழுவினர் அடுத்து செய்த சோதனையில், சுமார் 3000 பேர் கொண்ட கூட்டத்திலிருந்து ஒருவரை, அவருடைய 100 ஆட்டங்களை மட்டும் வைத்து, 86 சதவீதம் சரியாக அடையாளம் கண்டது நிரல். அதுவும் ஓப்பனிங்கை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் 15 நகர்வுகளை மறைத்த பிறகு.

இவ்வளவும் சாத்தியமானதற்கு ஒரு காரணம், நன்கொடையில் இயங்கும் லிச்செஸ் தன் ரேட்டிங் ஆட்டங்கள் அனைத்தையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாதாமாதம் திறந்து வைப்பது. விளையாட்டை ஆராயவா ஆய்வுப் பணம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது: மனிதர் எப்போது, ஏன் தவறுகிறார் என்பது மருத்துவத்திலும் நீதியிலும் உயிர் போகிற கேள்வி. ஒவ்வொரு முடிவும், அதற்கு எடுத்த விநாடியும், அது சரியா தவறா என்பதும் கோடிக்கணக்கில் பதிவான இடம் செஸ்ஸைப் போல வேறொன்று கிடைப்பது அரிது. இதற்குப் பொதுப் பணம் தாராளமாகவே போக வேண்டும்.

சரி, எதைப் படிப்பது? உங்கள் பிளண்டர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உங்கள் ரேட்டிங்கில் இருக்கும் மாயாவிடமும், 200 புள்ளி மேலே இருக்கும் மாயாவிடமும் காட்டுங்கள். இருவருமே அதே தவற்றைச் செய்கிறார்கள் என்றால் அது கடினமான நிலை, இப்போதைக்கு விட்டுவிடலாம். இருவருமே செய்யவில்லை என்றால் அது உங்களுக்கே உரிய ஓட்டை, கடிகாரத்தில் அப்போது எத்தனை விநாடி இருந்தது என்று முதலில் பாருங்கள். உங்கள் படியில் இருப்பவர் செய்கிறார், மேல்படியில் இருப்பவர் செய்யவில்லை என்றால், அடுத்து நீங்கள் கற்க வேண்டிய பாடம் அந்த நிலையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலைகளை மட்டும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.