காலி இடம் இருந்தும் லினக்ஸ் ஏன் ஏற்காது?

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவ உட்காருகிறீர்கள். விண்டோஸின் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி ஒதுக்கியாயிற்று. வட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் அந்த 100 ஜிபிக்கு நேரே 'அன்யூசபிள்' (பயன்படுத்த முடியாதது) என்று காட்டுகிறது. வட்டு போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், வட்டு நன்றாகத்தான் இருக்கிறது. இடம் உண்டு, அதைக் கணக்கில் எழுதத்தான் இடமில்லை.

வட்டை எப்படிப் பிரித்திருக்கிறது என்று குறித்துவைக்கும் பழைய முறை எம்பிஆர். 1983-இல் பிசி டாஸ் 2.0 இயங்குதளத்துடன் வந்த இந்த முறையில் வட்டின் முதல் செக்டாரான 512 பைட்டுக்குள் எல்லாமே அடங்க வேண்டும். துவக்க நிரலுக்கு 446, கடைசி அடையாளத்துக்கு 2. மிச்சம் 64 பைட்தான் பிரிவுகளைப் பதியும் அட்டவணை. ஒரு பார்ட்டிஷனை, அதாவது வட்டின் ஒரு பிரிவை, பதிய 16 பைட் தேவை. ஆக, நான்கே நான்கு. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் சிஸ்டம், சி டிரைவ், ரெக்கவரி, டூல்ஸ் என நான்கும் கடையிலிருந்து வரும்போதே நிரம்பியிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸிலேயே ஐந்தாவதை உருவாக்கப் போனால், வட்டை 'டைனமிக்' என்னும் விண்டோஸுக்கே உரிய வகையாக மாற்றட்டுமா என்று கேட்கும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் நிறுவுவது இன்னும் சிக்கலாகும்; தரவை இழக்காமல் பழையபடி திருப்புவதும் எளிதல்ல.

சரியான வழி வேறு. முதலில் எல்லாவற்றையும் வெளி வட்டில் நகலெடுங்கள். அப்புறம் டூல்ஸ் பார்ட்டிஷனை மட்டும் நீக்குங்கள். அதன் அளவு சிறியதுதான், ஆனால் அட்டவணையில் ஒரு வரி காலியாகும். அந்த வரியில் 100 ஜிபியையும் 'எக்ஸ்டெண்டட்' (உள்ளே மேலும் பிரிக்கக்கூடிய பார்ட்டிஷன்) ஆகப் பதிந்தால், அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். லினக்ஸ் அவற்றை 5-இலிருந்து எண்ணும். ரெக்கவரியில் கை வைக்க வேண்டாம் என்பேன். விண்டோஸை மீட்க அது ஒன்றுதான் பலரிடம் இருக்கும்.

புதிய ஜிபிடி முறையில் பொதுவாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடமுண்டு, அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் இருக்கும். அங்கே வரும் தொல்லை வேறு மாதிரி. ஜிபிடி வட்டு உள்ள கணினியைப் பயாஸ் என்னும் பழைய துவக்க முறையில் துவக்கி நிறுவினால், கடைசிக் கட்டத்தில், லினக்ஸைத் துவக்கிவைக்கும் நிரலான கிரப் நின்றுவிடலாம். எம்பிஆர் வட்டில் முதல் செக்டாரை அடுத்த வெற்றிடத்தில் அது தன்னை வைத்துக்கொள்ளும். ஜிபிடியில் அந்த இடம் அட்டவணைக்குப் போய்விட்டது. 1 எம்பி அளவில் 'பயாஸ் பூட்' பார்ட்டிஷன் ஒன்று போட்டுக்கொடுத்தால் போதும். விண்டோஸ் ஏற்கெனவே பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால், லினக்ஸ் நிறுவும் பென்டிரைவையும் அதே முறையில் துவக்குங்கள்.