போன் யார் கையில் இருக்கிறது?

கர்ப்பிணி ஒருவர், எட்டாம் மாதம். ரத்தசோகையைக் காட்டும் ஹீமோகுளோபின் அளவு 6.8. ரத்தம் ஏற்ற தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, "சத்து மாத்திரை சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னார்: "அத சாப்பிட்டா புள்ள கருப்பா பொறக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சுங்க மேடம்."

பென்னாகரம் பக்கம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இன்னொரு முறை சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போகும், உண்மைதான். உடம்பு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இரும்பு அது, வெளியே போய்விடுகிறது. அதைப் பார்த்துக் கட்டிய கதைதான் இது. குழந்தையின் நிறம் அப்பா, அம்மா வழியாக வருவது. மாத்திரை அதைக் கருப்பாக்காது, குங்குமப்பூ வெளுப்பாக்கவும் செய்யாது. "புள்ள பெருசாகி ஆபரேஷன் ஆயிடும்" என்பதும் இதே ரகம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனவர், பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கும் ரத்தப்போக்கைக்கூடத் தாங்கமாட்டார்.

சரி, சுகாதாரப் பணியில் இருக்கும் நாமும்தானே கர்ப்பிணிகளுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புகிறோம்? எங்கே போகிறது? கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண் பெரும்பாலும் கணவருடையது. அவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். நம் பிடிஎஃப் அங்கே போய்த் தூங்குகிறது. வீட்டில் முடிவெடுப்பது மாமியார்; அவருக்கு வருவது யாரோ அனுப்பிய ஃபார்வர்டு. (நம் குரூப்களிலும் ரோஜாப்பூ குட்மார்னிங்தான் அதிகம், அது வேறு கதை.)

எழுத்தைக் குறையுங்கள். ஊருக்குத் தெரிந்த நர்சம்மாவின் குரலில் ஒரு நிமிட ஆடியோ போதும். கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, தளி பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசி அனுப்புங்கள். மாமியார் எண்ணையும் வாங்குங்கள். கணவருக்கு ஒரே வேலை: ராத்திரி போன் பேசும்போது "மாத்திரை போட்டியா?" என்று கேட்பது. டீ, காபியோடு போடக்கூடாது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் கூடாது என்பதை அவரே சொல்லட்டும்.

கர்ப்பிணிக்குத் தலைவலி விடாமல் இருக்கிறதா, கண் மங்குகிறதா, முகம் வீங்குகிறதா, ரத்தம் படுகிறதா, பனிக்குடம் உடைந்ததா, குழந்தை அசைவு குறைந்ததா? குரூப்பில் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். சாதாரண சந்தேகத்துக்கு 104 மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து, 2018-இல் திருப்பூரில் ஒரு தாய் உயிரிழந்தது மறந்துவிட்டதா?

அத்தைமார்களே, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மாதிரி ஃபார்வர்டு வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு மருமகளோடு வரும்போது அந்த போனையும் கொண்டுவந்து எங்களிடம் காட்டுங்கள்.