'பிரபலமான' என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது

ஆங்கிலப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவி ஒருவர், தன் தாத்தாவைப் பற்றி ஒரு பத்தி எழுதி வந்தார். ஊருக்குப் பள்ளிக்கூடம் வரக் காரணமானவர், அதனால் எங்கள் பக்கத்தில் அவர் 'நொட்டோரியஸ்' என்று முடித்திருந்தார். அவருடைய நோட்டில் அந்தச் சொல்லுக்கு நேராக 'பிரபலமான' என்று மட்டும் இருந்தது. கெட்ட விஷயத்துக்காகப் பேர்போனவர் என்பதுதான் அதன் பொருள் என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல் என்றுதான் பிள்ளைகளைப் பழக்குகிறோம். 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' இரண்டுக்கும் 'சிக்கனம்' என்று குறித்து வைத்த நோட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். முதலாவது, தேவைக்கு மட்டும் செலவழிப்பவரைச் சொல்வது. இரண்டாவது, கையில் இருந்தும் கொடுக்க மனம் வராத கஞ்சனைத் திட்டுவது.

ஆங்கிலத்திலேயே பொருள் படிக்கச் சொன்னால் பலருக்கும் பயம். பயப்பட ஒன்றுமில்லை. கற்பவர்களுக்கென்றே தனி அகராதிகள் இருக்கின்றன. 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்துக்கொண்டே மற்ற சொற்களுக்குப் பொருள் எழுதியது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது புரியும். குறை சொல்லும் தொனியில் வரும் சொல் என்றால் இத்தகைய அகராதிகள் பக்கத்திலேயே அதையும் குறித்துவிடும். நம் ஆட்கள் தாண்டிப் போவது சரியாக அந்தக் குறிப்பைத்தான்.

என் வகுப்பில் ஒரு நாளைக்கு மூன்றே சொற்கள். பொருளைக் கடைசி வரை படிக்க வேண்டும், அகராதியை மூட வேண்டும், புரிந்ததைச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். அப்புறம் தன் வீட்டையோ தெருவையோ வைத்து ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில்தான் தப்பு வெளியே தெரியும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் நோட்டைப் பார்க்காமல் திரும்பச் சொல்ல வேண்டும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதிவிட்டார். ஒரே ராத்திரியில் ஐம்பது சொல் மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

அந்த மாணவி பத்தியைத் திருத்தி எழுதி வந்தார். இப்போது அங்கே 'ரெஸ்பெக்டட்' என்று இருந்தது. ஏன், 'ஃபேமஸ்' போட்டிருக்கலாமே என்றேன்.

"அது சினிமாக்காரங்களுக்கு சார். தாத்தா தெருவுல வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க" என்றார்.