அறுபதுக்கு மேல் மூளை எப்படிக் கற்கிறது?

பாம்பன் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பெரியவர், வீசுவது மேல்காற்றான கச்சானா, கீழ்க்காற்றான கொண்டலா என்று முகத்தில் காற்று பட்டதுமே சொல்லிவிடுவார். நேற்றுப் பேரன் சொல்லிக்கொடுத்த செல்போன் வேலையை மட்டும் இன்று மறுபடி கேட்பார். "வயசாயிடுச்சு, இனி மண்டையில ஏறாது" என்று அவரே முடிவும் கட்டிவிடுவார். அந்த முடிவு தவறு.

புதுச் செய்தியை முதலில் பிடித்து வைப்பது மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஹிப்போகேம்பஸ். வயதாக ஆக அது மெல்லச் சுருங்கும். பல வருடப் பழக்கத்தில் ஊறிய அறிவோ மூளையின் மேலுறையில் பல இடங்களில் பரவிவிட்டது. அதனால்தான் காற்று மறப்பதில்லை, செல்போன் நழுவுகிறது. குறைவது வேகம்தான், கற்கும் திறன் கடைசிவரை இருக்கிறது. 2008இல் ஜெர்மனியில் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்க மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸ் உட்படச் சில இடங்களில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி கூடியிருந்தது. பயிற்சியை விட்டதும் அது மறுபடி குறைந்தும் போனது.

அப்படியானால் எதைக் கற்பது? தெரிந்ததையே திரும்பச் செய்வதில் பலன் குறைவு. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அறுபது வயதைத் தாண்டியவர்கள் டிஜிட்டல் கேமராவில் படமெடுப்பதையோ, ஒட்டுத்துணித் தையலையோ, இரண்டையுமோ வாரம் சுமார் 15 மணி நேரம் கற்றார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய நினைவாற்றல் கூடியது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

நம் ஊருக்கு வலை பின்னுவதையே சொல்வேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தங்கச்சிமடத்தில் அதைக் கற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூங்கில் பட்டையில் நூலைச் சுற்றி, மேல் வரிசை வலைக்கண்ணுக்குள் ஊசியை விட்டு இழுத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நூலை வளையமாக வீசி, இழைகளுக்குப் பின்னால் ஊசியை நுழைத்து இறுக்க வேண்டும். விரல் கொஞ்சம் நழுவினாலும் முடிச்சு வழுக்கி, கண் பெரிதாகிவிடும். அவிழ்த்து மறுபடி போடும் அந்த நேரத்தில்தான் மூளை உண்மையில் வேலை செய்கிறது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் நரம்பணுக்களின் இணைப்பைத் திருத்துகிறது.

மறுநாள் சொல்லிக்கொடுப்பவரின் கையைப் பார்க்கும் முன் தானே ஒரு கண் போட்டுப் பார்க்க வேண்டும். நினைவிலிருந்து எடுக்க முயலும்போது அது இன்னும் உறுதிப்படும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் அரை மணி நேரம் மேல். கற்றது தூக்கத்தில் நன்றாகப் பதிகிறது. வயதானவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் குறைவு என்பதால், பல இரவுகளில் பதியும்படி இடைவெளி விட்டுப் பழகுவது நல்லது.

சரி, காதையும் கவனியுங்கள். விசைப்படகு இன்ஜின் பக்கத்தில் பல வருடம் நின்றவர்களுக்குக் காது மந்தமாகலாம். மறதி என்று நாம் நினைப்பது சில சமயம் முதலிலேயே சரியாகக் கேட்காததுதான். நடுத்தர வயதில் வரும் காது மந்தம் பிற்கால மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எதையாவது கற்கத் தொடங்கும் முன் காதை ஒருமுறை சோதித்து, தேவைப்பட்டால் கருவி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கண்புரையும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; வலைக்கண் தெரியாமல் முடிச்சுப் போட முடியாது.