1865-இல் முடிந்த போரும் 2020 வரை வந்த ஓய்வூதியமும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அந்தப் போரில் பணியாற்றிய மோஸ் டிரிப்லெட் என்ற விவசாயியின் பெயரால் அமெரிக்க அரசு வழங்கிவந்த மாதம் 73 டாலர் 13 செண்ட் ஓய்வூதியமோ, அவருடைய மகள் ஐரீன் 2020 மே 31 அன்று தமது 90-ஆம் வயதில் காலமானபோதுதான் நின்றது. பலரும் இதை ஒரு விந்தைச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். முன்னாள் படைவீரர் குடும்பங்களின் ஓய்வூதிய வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர் என்ற முறையில் எனக்கு இதில் தெரிவது வேறு: தானே உழைத்துப் பிழைக்க இயலாத ஒரு பிள்ளையின் நிலை உரிய ஏடுகளில் பதிவாகியிருந்தால், பெற்றவர் போய்ப் பல பத்தாண்டுகள் கழிந்தாலும் சட்டம் அந்தப் பிள்ளையைக் கைவிடுவதில்லை.

மோஸ் 1846-இல் பிறந்தவர். வட கரோலைனா மாநிலத்தின் வில்க்ஸ் மாவட்டத்து மலைப்பகுதியில் வாழ்ந்தவர். 1862-இல், பதினாறு வயதில், அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு 26-ஆம் வட கரோலைனா காலாட்படைக்கு மாற்றப்பட்டார். அந்தப் படைப்பிரிவு 1863 கோடையில், பெருஞ்சமர் மூளவிருந்த கெட்டிஸ்பர்க் ஊரை நோக்கி நடந்தபோது அவர் நோயுற்று வர்ஜீனியாவின் டான்வில் நகரிலிருந்த மருத்துவமனையில் கிடந்தார். பிறகு அங்கிருந்து தலைமறைவானார். கெட்டிஸ்பர்க்கில் இறங்கிய அந்தப் படைப்பிரிவின் ஏறத்தாழ 800 பேரில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ காயமுற்றோ சிறைப்பட்டோ போனதை நினைத்தால், அந்தப் பையனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1864-இல் அவர் மலைகளைக் கடந்து எதிர்த்தரப்பான ஒன்றிய அரசின் 3-ஆம் வட கரோலைனா குதிரைக் காலாட்படையில் சேர்ந்தார். ஜார்ஜ் கிர்க் தலைமையில் சொந்த மாநிலத்திலேயே சூறையாடிய படை அது என்பதால், போருக்குப் பின் ஊர் திரும்பிய அவரைச் சுற்றியிருந்தவர்கள் எளிதில் மன்னித்திருக்க மாட்டார்கள். துப்பாக்கியோடு திண்ணையில் அமர்ந்திருப்பார் என்றும், நச்சுப்பாம்புகளை வளர்த்தார் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது.

ஆனால் ஊரார் வெறுத்த அந்த இரண்டாவது பணியே அவருடைய குடும்பத்துக்குச் சோறு போட்டது. தென்தரப்பில் மட்டும் போரிட்டவர்களுக்கு ஒன்றிய அரசின் ஓய்வூதியம் கிடையாது. மாநில அரசு தந்த சிறு தொகையும் படையைவிட்டு ஓடியவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஒன்றிய அரசின் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போர்க்களத்திலோ பணியிலோ ஏற்பட்ட ஊனம் என்று மெய்ப்பித்தால்தான் ஓய்வூதியம். மருத்துவர்கள் உழைப்பு இழப்பைப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று கணக்கிட்டு எழுதினார்கள். 1890-இல் வந்த சட்டம், 90 நாள் பணியாற்றி முறையாக விடுவிக்கப்பட்டவர் உடலுழைப்பு செய்ய இயலாதவராகிவிட்டால், அந்த இயலாமை போரால் வந்ததா என்று கேட்காமலே பணம் தந்தது. முதுகும் முழங்காலும் தேய்ந்த விவசாயிகளுக்கு அது பெரிய வாசலாயிற்று. பிறப்புப் பதிவு பரவலாக இல்லாத காலம் என்பதால், திருமணத்தையும் பிள்ளைகளின் வயதையும் மெய்ப்பிக்கக் குடும்ப விவிலியத்தின் பெயரேட்டுப் பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அண்டை வீட்டாரும் மருத்துவச்சியும் உறுதிமொழி எழுதித் தந்தார்கள். அந்தக் கோப்புகள் இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

முதல் மனைவி இறந்த பின், 1924-இல், தம்மைவிட நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இளையவரான எலிடா ஹாலை மோஸ் மணந்தார். மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் கிழவரை இளம்பெண்கள் மணப்பது வறுமை மிகுந்த அன்றைய தென்மாநிலங்களில் புதுமையன்று. 1930-இல் ஐரீன் பிறந்தபோது தந்தைக்கு வயது 83. மூன்றாண்டுகள் கழித்து ஒரு மகனும் பிறந்தான். 1938-இல் கெட்டிஸ்பர்க்கில் நடந்த 75-ஆம் ஆண்டு நினைவுக்கூடலுக்குப் போய்வந்த மோஸ், சில நாட்களிலேயே இறந்தார். எந்தத் தரப்பில் போரிட்டார் என்பதை அவருடைய கல்லறை சொல்லவில்லை. உள்நாட்டுப் போர் வீரர் என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

ஐரீன் அறிவுவளர்ச்சிக் குறையுடையவர். 1943-இல் தாயும் அவரும் வில்க்ஸ் மாவட்ட ஏழையர் இல்லத்தில் சேர்ந்தார்கள். பின்னாளில் அவர் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலேயே வாழ்ந்தார். பதினெட்டு வயதுக்கு முன்பே தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவராக இருந்த பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் என்ற அமெரிக்க விதி அவருக்குப் பொருந்திற்று. 73 டாலர் இன்றைய அமெரிக்காவில் ஒரு பொருட்டே அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தொகை விலைவாசியோடு ஏறவில்லை.

நம் நாட்டிலும் படைவீரரின் பிள்ளை, உடல் அல்லது மனக் குறைபாட்டால் பிழைப்புத் தேட இயலாதவராக இருந்தால், 25 வயதைக் கடந்தும் வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கிறது. என்னிடம் வரும் குடும்பங்கள் தடுமாறுவது விதியில் அல்ல, சான்றில். தந்தை பணியில் இருந்தபோது அந்தப் பிள்ளையின் பிறப்பே, படைவீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆணையான பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்காது. அல்லது, ஊராருக்குத் தெரிந்துவிடுமே, மற்றப் பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமே என்று குறைபாட்டை மறைத்திருப்பார்கள். பெற்றோர் இருவரும் போன பின்பு, நாற்பது வயதுத் தங்கையை அழைத்துக்கொண்டு அண்ணன் வருகிறார். கையில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. அதில் குறைபாட்டின் விழுக்காடு இருக்கும். பிழைப்பு ஈட்ட இயலாதவர் என்ற மருத்துவச் சான்று தனியாகத் தேவைப்படும்.

ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரைத் தம் ஓய்வூதிய ஆணையில் சேர்க்கக் கோரி, படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதற்கு வழிகாட்டும். பிள்ளைக்கு அறிவுவளர்ச்சிக் குறை, ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவை இருந்தால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்சியரை உறுப்பினராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்றிதழ் பெறலாம். இதற்கு நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தின் நகலையும் அஞ்சலில் அனுப்பியதற்கான சான்றையும் அந்தப் பாதுகாவலரிடமே கொடுத்து வையுங்கள்.