பழைய செய்திப்படத்தில் நம் மலையைப் பார்க்கும்போது

திரையரங்குகளுக்குச் செய்திப்படம் எடுத்த பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014இல் ஏறத்தாழ 85,000 பழைய படங்களை யூடியூபில் ஏற்றியது. அப்படிப்பட்ட தொகுப்புகளிலிருந்து இலங்கையின் தேயிலை மலைக் காட்சி ஒன்று கைக்கு வந்ததும் பகிர்ந்துவிடுகிறோம். அதற்குமுன் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

செய்திப்படக்காரர்கள் வெளியூருக்குத் தூக்கிப்போனது பெரும்பாலும் ஒலிப்பதிவு இல்லாத கைக்கமரா. ஐமோ என்ற அப்படிப்பட்ட கைக்கமராவில் 100 அடிச் சுருள் போடலாம். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக, ஒரு சுருளுக்கு ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான். விளக்கக் குரல் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தது. தொழிலாளர் சந்தோஷமாக இருப்பதாக அந்தக் குரல் சொன்னால், அது எழுதிக்கொடுத்தவரின் சொல். மலையில் அன்று பேசிய பேச்சு அதில் இல்லை.

வேகத்தையும் பாருங்கள். ஒலி வருவதற்குமுன் பல படங்களை நொடிக்கு 16 பிரேம் அளவில் எடுத்தார்கள். அதையே 24இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு விரைவு. கொழுந்தெடுக்கும் கைகள் பறக்கும். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்தால் விரல் கிள்ளுவதும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போடுவதும், நடுவில் கூடையைத் தாங்கும் தலைக்கயிற்றை இழுத்துச் சரிசெய்வதும் கண்ணுக்குப் பிடிபடும். அந்தக் கயிற்றை இழுக்கும் ஒரு கணம்தான், என் கணிப்பில், முழுப் படத்தையும்விடப் பெரிய சாட்சி.

ஒரே பெண்ணை முன்னாலும் பின்னாலும் கிட்டவும் காட்டினால், இருந்தது ஒரு கமரா என்பதை நினையுங்கள். அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார்கள். நிழல் திசை மாறியிருந்தால் நெடுநேரம் காக்க வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்குத் துணி இல்லை, சேலை புதிது என்றாலும் சந்தேகப்படலாம். ஆனால் கைப்பழக்கம் பொய் சொல்லாது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் (வரிசை வீட்டு அறையின்) உட்புறம் ஏன் அபூர்வம்? அன்றைய படச்சுருளுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். ஒற்றைச் சன்னலும் அடுப்புப் புகையும் உள்ள அறையில் பெரிய விளக்கு இல்லாமல் ஒன்றும் பதியாது. தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் கமரா நுழையவும் முடியாது. அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட நாளின் முகம் அதனால்தான் கிடைப்பதில்லை.

தலைப்பிலுள்ள ஆண்டையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய துண்டுகளை எடுத்துப் புதுப் படத்தில் ஒட்டுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

முகங்களை அடையாளம் காண, காட்சியை நிறுத்திப் பெரிதாக அச்சிட்டு மூத்தவர்களிடம் காட்டுங்கள். ஓடும் படத்தில் அவர்கள் கண் நிற்காது. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன உறவுகளுக்கும், நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கும் அனுப்புங்கள். எழுதும்போது காட்சி வரும் நிமிடம், நொடி, ஆளின் பெயர், சொன்னவர் யார், சொன்ன தேதி எல்லாம் வேண்டும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு நம் சனம் வழங்கும் தமிழ்ப் பெயரையும் டிவிசனையும் (தோட்டத்தின் பிரிவையும்) சேர்த்து எழுதுங்கள்.