சொல் விளக்கம்: மறுதழைவு

ஆஸ்திரேலியாவின் கார்பன் கணக்கில் அடிக்கடி அடிபடும் தொடர் 'ஹியூமன் இன்ட்யூஸ்ட் ரீஜெனரேஷன்'. இதைக் 'காடு வளர்ப்பு' என்று தமிழில் எழுதினால் பொருளே மாறிவிடும். இதில் யாரும் கன்று நடுவதில்லை.

நியூ சவுத் வேல்ஸின் மேற்கே, கோபார், பர்க் பக்கமெல்லாம் மழை குறைந்த மேய்ச்சல் நிலம். அங்கே முல்கா என்ற மரம் உண்டு, நம் வேலமரத்துக்கு உறவு. அதில் இலைபோல் தெரிபவை உண்மையில் தட்டையான காம்புகள். அவை மேல்நோக்கி நிற்பதால், விழுந்த மழைத்துளி கிளைவழியாக வழிந்து அடிமரத்துக்கே வந்து சேரும். இவ்வளவு சிக்கனமாகப் பிழைக்கத் தெரிந்த மரத்தின் கன்றை ஆடு கடித்துவிடும். புல்லுக்காக மனிதரும் அழித்துவிடுவார்கள். மேய்ச்சலைக் குறைத்து, காட்டில் திரியும் ஆடுகளைக் கட்டுப்படுத்தி, அழிப்பதையும் நிறுத்தினால் மண்ணில் கிடக்கும் விதை எழும். 2013இல் இதற்கு ஒரு அரசு முறை வந்தது. மரங்கள் 2 மீட்டர் உயரம் எட்டி, அவற்றின் விதானம் நிலத்தில் 20 விழுக்காட்டை மூடினால் அது காடு. மரத்தில் சேரும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு கார்பன் வரவு, அதாவது விற்கக்கூடிய ஒரு சான்று.

'ரீஜெனரேஷன்' லத்தீன் வழி வந்தது. மீண்டும் பிறப்பித்தல் என்று பொருள். நம்மிடம் 'மறுதாம்பு' இருக்கிறது. ஆனால் அது அறுத்த கட்டையிலிருந்து வரும் பயிர். இங்கே விதையும் முளைக்கிறது. 'மீளுருவாக்கம்' என்றால் யாரோ உருவாக்குவதாகிவிடும். 'தழை' தன்வினை, மரமே செய்கிற வேலை. அதனால் 'மறுதழைவு' சரி.

அப்புறம் 'இன்ட்யூஸ்ட்'. இதற்குத் 'தூண்டிய' என்பதே பொருத்தம். விளக்கைத் தூண்டுவது என்றால் திரியை இழுத்துவிடுவதுதான். எண்ணெயும் திரியும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆக, 'மனிதர் தூண்டிய மறுதழைவு'.

சண்டையும் இந்த அடைமொழியில்தான். 2022இல் ஆன்ட்ரூ மேக்கின்டோஷ் என்ற சட்டப் பேராசிரியர், பல இடங்களில் மரம் கூடியதும் குறைந்ததும் மழையால்தான், மேய்ச்சலைக் குறைத்ததால் அல்ல என்றார். தமிழில் கேட்டால் ஒரே எழுத்து வித்தியாசம்: காடு வளர்ந்ததா, வளர்த்ததா? வளர்த்ததற்குத்தான் வரவு. மழையால் மட்டும் எழுந்த காட்டை 'மறுதழைவு' என்று எழுதலாம். முன்னால் 'மனிதர் தூண்டிய' என்று போடக் கூடாது.